கூழாங்கல் எட்டு

கொல்லிமலை அடிவாரம்,
ஜூலை 6

மரியாதைக்குரிய நங்கையாளுக்கு, உங்கள் தம்பி பெண்டாட்டி வசந்தாமணி கும்பிட்டு எழுதுவது. நான் உயிரோடு இருக்கிறேன். அங்கே நீங்கள், மகன் மோகன்குமார், மருமகள் அனிதா எல்லாரும் எப்படி? உங்கள் ஊசிச் சர்க்கரையும் என் மாத்திரைச் சர்க்கரையும் ஒன்றை ஒன்று விசாரித்துக்கொள்ளட்டும்.

கடுதாசி என்றதும் யாரோ செத்துவிட்டார்கள் என்று பயந்திருப்பீர்கள். யாரும் சாகவில்லை. இந்த இயற்கை மருத்துவமனையில் வாசலிலேயே செல்போனைப் பிடுங்கிப் பூட்டிவிட்டார்கள். மூன்று மாதச் சிகிச்சை முடியும்போதுதான் தருவார்களாம். காகிதத்தில் எழுதினால் மனசு அடங்கும் என்று வேண்டிய மட்டும் காகிதம் கொடுக்கிறார்கள். என் மனசு அடங்குவதற்குள் காகித ஆலையே தீர்ந்துவிடும்.

"போன் இல்லாம உனக்குக் கிறுக்குப் புடிச்சுரும்" என்று இறக்கிவிடும்போது உங்கள் தம்பி சொன்னார். அவர் பேச்சு முதல் தடவையாகப் பலித்திருக்கிறது. கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. சோப்பு டப்பாவை எடுத்துக் காதில் வைத்துவிட்டுக் கீழே போடுகிறேன்.

விடிந்ததும் வெண்பூசணிச் சாறு. அப்புறம் வயிற்றின் மேல் ஈர மண்ணை அப்பிப் படுக்க வைக்கிறார்கள். நேற்று வாழை இலையில் சுற்றி வெயிலில் போட்டார்கள். நாம் பார்த்த விருந்துகளில் இலைக்கு மேலே பலகாரம் இருக்கும். இங்கே இலைக்குள்ளே நான் இருந்தேன். கோழிப் பண்ணைக்காரியான எனக்கு ஒரு அவித்த முட்டைக்கு வழியில்லை. என் அறையில் ஆத்தூர்ப் பக்கத்து ஆராயி என்று ஒருத்தி இருக்கிறாள். "முட்டைக்காரம்மா, கண்ண மூடினா உனக்குக் கோழி தெரியுதா, ஆம்லெட் தெரியுதா?" என்று கேட்கிறாள். ஆம்லெட்தான்.

டாக்டர் நித்யஸ்ரீ சின்னப் பெண். இதற்கென்றே ஐந்து வருஷத்துக்கு மேல் படித்தவளாம். சிரிக்கவே மாட்டாள். அவளைச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் இங்கிருந்து போவது என்று இருக்கிறேன்.

பதில் போடுங்கள். ஊர்ச் சேதி இல்லாமல் நாக்கு வறள்கிறது.

உங்கள் வசந்தாமணி

*

குமாரபாளையம்,
ஜூலை 17

அம்மிணி வசந்தாவுக்கு நங்கை சென்னியம்மாள் எழுதுவது. இங்கே எல்லாரும் இருக்கிறோம்.

தபால்காரர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் அனிதா கையில் இருந்த குண்டாவைப் போட்டுவிட்டாள். உன் கடுதாசியை இரண்டு தரம் படித்தேன். பங்குனியில் என் வீட்டுக்காரர், அதான் உங்கள் அண்ணன், தவறிப் போனதிலிருந்து இந்த வீட்டில் தறிச் சத்தம் தவிர வேறு பேச்சு இல்லை. மோகன் தறிக்கொட்டகையிலேயே கிடக்கிறான். அனிதா நல்ல பெண், ஆனால் எதைச் சொன்னாலும் "சரிங்க அத்தை" என்பாள். சண்டைக்கு ஆகமாட்டாள்.

ஊசியை விசாரித்திருந்தாய். அது குளிர்பெட்டியில் முட்டை வைக்கிற தட்டில் இருக்கிறது.

உனக்குச் சர்க்கரை எவ்வளவு? மறைக்காமல் எழுது. எனக்குப் போன தடவை பார்த்தபோது இருநூற்று எண்பது. என்னைவிடக் கூட இருந்தால் கவலைப்படுவேன். குறைவாக இருந்தால் பொறாமைப்படுவேன். எப்படியும் எனக்குத் தூக்கம் இல்லை.

வெயிலில் சுருண்டு விழுந்துவிடாதே.

நங்கை

*

கொல்லிமலை அடிவாரம்,
ஜூலை 26

அருமை நங்கையாளுக்கு, இளைத்துப்போன வசந்தாமணி எழுதுவது. உங்கள் உடம்பும் தறிகளும் ஒழுங்காக ஓடுகின்றனவா?

பொறாமைப்படத் தயாராகிக் கொள்ளுங்கள். நூற்றிமுப்பது. சாப்பிடும் முன்னால் பார்த்தது. கல்யாணம் ஆன நாள் முதல் ரசத்தில் தோற்றேன், கோலத்தில் தோற்றேன், மாமியாரிடம் நல்ல பெயர் வாங்குவதில் டெபாசிட்டே போனது. சர்க்கரையிலாவது உங்களை ஜெயித்தேன்.

எல்லாம் எட்டு நடையின் மகிமை. இங்கே தோட்டத்தில் கூழாங்கல்லைப் பதித்து, தரையில் பெரிய எட்டு ஒன்று போட்டிருக்கிறார்கள். அதன் மேல் வெறுங்காலோடு வளைந்து வளைந்து நடக்க வேண்டும். பாதத்தில் இருக்கும் நரம்பெல்லாம் விழித்துக்கொள்ளுமாம். முதல் நாள் நான் நடந்ததைப் பார்த்த ஆராயி, "ஏம்மா, நெருப்பு மிதிக்கிறியா, நடக்கிறியா?" என்றாள். இப்போது குதிரை மாதிரி போகிறேன். கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற ஒருவர் எனக்குப் பின்னால் நொண்டிக்கொண்டே வருகிறார்.

முக்கியமான சேதி. மாத்திரை டப்பாவை டாக்டர் கண் முன்னாலேயே குப்பைக் கூடையில் போட்டேன். இத்தனை வருஷமாக மாத்திரைக்காரனுக்கு அழுததெல்லாம் வீண், நங்கையா. மண்ணும் பூசணியும் எட்டும் போதும்.

சாயங்காலம் ஒரு மணி நேரம் யாரும் வாய் திறக்கக் கூடாது என்று சட்டம். அந்த நேரத்தில் நான் படும் பாடு, முட்டை லாரி பஞ்சரானால் உங்கள் தம்பி படும் பாட்டுக்குச் சமம். எழுந்து நடக்கிறேன், உட்காருகிறேன், மறுபடி நடக்கிறேன். "உக்காருங்கம்மா" என்று டாக்டர் கையைக் காட்டுகிறாள். அவளும் அப்போது பேசக் கூடாது.

ஜெயித்தவள்,
வசந்தாமணி

*

குமாரபாளையம்,
ஆகஸ்ட் 10

ஜெயித்தவளுக்குத் தோற்றவள் எழுதுவது. சுகமாக இரு.

ஆடிப் பதினெட்டுக்கு உன் புருஷன் வந்திருந்தான். ஆற்றுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வந்து சாப்பிட்டான். நிறையப் பேசினான். உன்னைப் பற்றியும்தான்.

உன் கடுதாசியை மோகனுக்குப் படித்துக் காட்டினேன். வீடு கட்டியபோது மிச்சமான ஆற்றுக் கல் குவியலாகக் கிடந்தது. அதை வீட்டுக்கும் கொட்டகைக்கும் நடுவே எட்டாகப் பதித்துத் தரச் சொன்னேன். தறி ஓட்டுகிறவர்கள் டீ குடிக்க வந்தால் இப்போது என்னைத்தான் வேடிக்கை பார்க்கிறார்கள். அதில் ஒருத்தன், "அம்மா லைசென்ஸ் எடுக்கப் போறீங்களா?" என்று கேட்டான். "ஆமாண்டா, உன்ற முதுகுல ஓட்டிப் பழகறேன், வா" என்றேன். சிரித்து நாளாகிவிட்டது.

வெறுங்காலோடுதான் நடக்கிறேன். நீ நெருப்பு மிதிப்பது போல நடந்தாய் என்று எழுதியிருந்தாய். எனக்குக் குத்தவே இல்லை. என் கால் உன் காலைவிட உறுதி போல.

நீ ஒன்றை விட்டது போல நானும் ஒன்றை விட்டிருக்கிறேன். இப்போது சொல்லமாட்டேன்.

நங்கை

*

கொல்லிமலை அடிவாரம்,
ஆகஸ்ட் 19

நங்கையாளுக்கு வசந்தாமணி வணக்கம். நான் சௌக்கியம். உங்கள் சௌக்கியத்தைக் கொஞ்சம் விளக்கமாக எழுதியிருக்கலாம்.

எதை விட்டீர்கள்? வெற்றிலையையா? அது நடக்காது. சீரியலையா? அதுவும் நடக்காது. அனிதாவோடு சண்டை பிடிக்கும் ஆசையை விட்டுவிட்டீர்களா? ராத்திரி எல்லாம் புரண்டு படுத்தேன். கயிற்றுக் கட்டில் முனகியதில் ஆராயி எழுந்து, "யம்மா, நீ தூங்கலேன்னா வெளிய போய் எட்டு போடு" என்றாள். ஊசியை இல்லையே? நீங்கள் அந்த மாதிரி செய்கிற ஆள் இல்லை. என்னைப் போன்ற கிறுக்கிதான் செய்வாள்.

போன கடுதாசியில் நான் எழுதியதில் ஒரு விஷயம், அதாவது அந்தக் குப்பைக் கூடை சமாச்சாரம், அது நடந்தது நடந்ததுதான், ஆனால் முழுசாக, சரி, நேரில் சொல்கிறேன். எழுதினால் நீளும்.

இங்கே ஒரு கூத்து. ஆராயி உள்பாவாடையில் பை தைத்து மிக்சர் கொண்டு வந்திருக்கிறாள். சாயங்கால மௌன நேரத்தில் வாயில் போட்டுவிட்டாள். அத்தனை அமைதியில் அந்த நொறுக்குச் சத்தம் மலையில் மோதித் திரும்பியது. டாக்டர் அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பின்குறிப்பு: கல்லில் நடக்கும்போது காலுக்கு ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள். துணிச் செருப்பானாலும் சரி. உடனே பதில் போடுங்கள்.

வசந்தாமணி

*

குமாரபாளையம்,
செப்டம்பர் 9

வசந்தாவுக்கு. பதில் போட நாளாகிவிட்டது. கொஞ்சம் காய்ச்சல் போல இருந்தது. நீ நன்றாக இருக்கிறாய் அல்லவா?

செருப்பு என்ன புதுக் கதை? வெறுங்கால் என்றுதானே எழுதினாய்.

சுண்டு விரல் பக்கம் ஒரு கொப்புளம் வந்து உடைந்தது. வலிக்கவே இல்லை, அதனால் பெரிசு இல்லை. குப்பைமேனி அரைத்து மஞ்சளோடு வைத்துக் கட்டியிருக்கிறேன். எட்டை நிறுத்திவிட்டேன், கால் வீங்கினது போல இருக்கிறது.

இரண்டு நாளாக வீட்டுக்குள் என்னமோ வாடை அடிக்கிறது என்று அனிதா ஊதுபத்தி கொளுத்துகிறாள். எலி செத்திருக்கும் என்று மோகன் பீரோவை எல்லாம் நகர்த்திப் பார்க்கிறான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

உன் கடுதாசி சின்னதாகிவிட்டது. பெரிசாக எழுது.

நங்கை

*

கொல்லிமலை அடிவாரம்,
செப்டம்பர் 12

நங்கையா, இதை நீங்கள் வீட்டில் படிக்கமாட்டீர்கள். இந்நேரம் மோகன் உங்களை ஈரோட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பான். நான்தான் சொன்னேன். கோபித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடுதாசியை டாக்டரிடம் கொண்டு போய்ப் படித்தேன். அவள் அதை என் கையிலிருந்து வாங்கி, அந்த வாடை என்கிற இடத்தை மட்டும் மறுபடி படித்தாள். "இவங்க ஊட்டு நம்பர் சொல்லுங்கம்மா" என்று பூட்டைத் திறந்து போனைக் கொடுத்தாள். மோகன் எடுத்தான். "அத்தை, அம்மா ஒண்ணுமே சொல்றதில்லீங்க. காலைச் சீலைல மூடிட்டேதான் உக்காந்துக்கறாங்க" என்றான். "எலியைத் தேடாதே சாமி. உங்கம்மா காலைப் பாரு" என்றேன். அவன் உள்ளே ஓடினான். போன் அப்படியே கிடந்தது. அனிதா அழுவது கேட்டது.

இப்போது உண்மையைக் கேளுங்கள். மாத்திரை டப்பாவைக் குப்பைக் கூடையில் போட்டது உண்மை. அந்தப் பெண் குனிந்து அதை எடுத்து, துடைத்து, தண்ணீர் டம்ளரோடு என் முன்னால் நின்றதும் உண்மை. "மண்ணும் போடலாம், பூசணியும் குடிக்கலாம். மாத்திரையைக் குறைக்கணும்னா ரத்தத்தைப் பாத்துப் பாத்து நாந்தான் குறைப்பேன். நீங்க இல்ல" என்றாள். அன்றைக்கு முழுங்கினேன். இன்றைக்கும் முழுங்கினேன். நூற்றிமுப்பதில் மாத்திரைக்குப் பாதிப் பங்கு உண்டு.

எட்டு நடையும் வெறுங்காலோடு இல்லை. சர்க்கரைக்காரர்களுக்கு வெறுங்கால் கூடாது என்று முதல் நாளே வெள்ளைத் துணிச் செருப்பு கொடுத்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் மாதிரி இருந்தேன். அதை எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள் என்று வெறுங்கால் ஆக்கினேன். உங்கள் கால் சர்க்கரையால் மரத்துப் போனது எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுதினேன்.

உங்களுக்குக் கல் குத்தவில்லை என்று எழுதினீர்களே, அப்போதே ஆபத்து எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தது. அதனால்தான் தூக்கம் வரவில்லை. தூக்கம் வராததையும் வேடிக்கையாகத்தான் எழுதினேன்.

நாளைக்கே கிளம்பி வருகிறேன்.

வசந்தாமணி

*

பண்ணை, புதுச்சத்திரம்,
செப்டம்பர் 25

நங்கையாளுக்கு. போன் இப்போது என் கையில்தான் இருக்கிறது. நீங்கள் எடுப்பதில்லை. அதனால் மறுபடி காகிதம்.

ஆஸ்பத்திரிக்கு வந்தேன். அறை வாசலிலேயே மோகன் நின்றான். "அம்மா உங்களை இப்ப வர வேண்டாம்னு சொல்றாங்க அத்தை" என்றான். அவன் முகத்தில் கோபம் இருந்திருந்தால் தேவலை. கதவு இடுக்கில் உங்கள் கட்டிலின் கால்மாட்டில் மேடு கட்டிய போர்வை மட்டும் தெரிந்தது. பெஞ்சில் உட்கார்ந்தேன், எழுந்தேன், கேண்டீனுக்குப் போனேன், குடிக்காமல் திரும்பினேன். உங்கள் தம்பி கையைப் பிடித்துக் கூட்டி வந்துவிட்டார்.

கால் நின்றதா என்று மட்டும் எழுதுங்கள். மற்றபடி என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். எழுதுவதற்கு ஒரு ஊர்ச் சேதியும் என்னிடம் இல்லை.

வசந்தாமணி

*

குமாரபாளையம்,
அக்டோபர் 14

வசந்தாவுக்கு நங்கை எழுதுவது. வீட்டுக்கு வந்துவிட்டேன். கால் நின்றது. சுண்டு விரலும் அதற்குப் பக்கத்து விரலும் போயின. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் முழங்காலுக்குக் கீழே எடுத்திருப்போம் என்று சொன்னார்கள். மெட்டி போடுகிற விரல் இருக்கிறது. போட்டுக்கொள்ளத்தான் இப்போது வழி இல்லை.

உன்னைப் பார்க்க மாட்டேன் என்றது கோபத்தால் இல்லை. நீ வந்தால் அழுவாய். அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்பாய். நான் பேசாமல் வாங்கிக்கொண்டு படுத்திருக்க வேண்டும். அது திருட்டு. அதனால்தான் கதவைச் சாத்தச் சொன்னேன்.

நீ மாத்திரையை விடவில்லை என்று எனக்கு ஆடிப் பதினெட்டு அன்றைக்கே தெரியும். உன் புருஷன் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். "நாந்தான் அக்கா மாத்திரை வாங்கிட்டுப் போயி ஆபீசுல குடுத்துட்டு வாரேன். அவ சும்மா ஊருக்கெல்லாம் உட்டுட்டேன்னு பீத்திக்கறா." தெரிந்த பிறகுதான் உனக்குத் தோற்றவள் என்று எழுதினேன்.

ஊசியை நான் நிறுத்தியது அதற்கும் முன்னால். உங்கள் அண்ணன் இருந்தவரை காலையில் அவர்தான் போடுவார். அவர் போன பிறகு மோகன் வந்தான், ஊசியைக் கீழே போட்டான். அனிதா வந்தாள், கண்ணை மூடிக்கொண்டாள். நானே போட்டுக்கொள்கிறேன் என்று இரண்டு பேரையும் அனுப்பிவிட்டேன். சில நாள் போட்டேன். அப்புறம் ஊசியைக் கையில் எடுத்தால் இடது பக்கம் திரும்பிப் பார்ப்பேன். அங்கே யாரும் இல்லை. திரும்ப உள்ளே வைத்துவிடுவேன். உன் கடுதாசி வந்தது. இயற்கை மருத்துவத்தில் இருக்கிறேன் என்று வீட்டில் சொல்லிக்கொள்ள ஒரு நல்ல பெயர் கிடைத்தது. யாரும் கேட்கவில்லை. நீ பொய் சொன்னாய், நான் அந்தப் பொய்க்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். அவ்வளவுதான்.

இப்போது ஒரு நர்ஸ் வந்து போட்டுவிட்டுப் போகிறாள். மாசக் கடைசிவரைதான் வருவாள். அதற்கப்புறம் என்ன என்று மோகன் கேட்கிறான். எனக்குத் தெரியவில்லை.

நங்கை

*

பண்ணை, புதுச்சத்திரம்,
அக்டோபர் 18

நங்கையாளுக்கு வசந்தாமணி. உங்கள் கடுதாசியைத் தீவனக் கிடங்கில் நின்றபடி படித்தேன். உங்கள் தம்பியிடம் கொடுத்தேன். படித்துவிட்டு வெளியே போய் வெகுநேரம் லாரி டயரை உதைத்துக்கொண்டிருந்தார்.

மாசக் கடைசிக்கு அப்புறம் நான் போடுகிறேன். சிரிக்காதீர்கள். இந்தப் பண்ணை ஆரம்பித்த புதிதில் வேலைக்கு ஆள் இல்லாமல், குஞ்சு வந்தால் தடுப்பூசி நான்தான் போடுவேன். ரெக்கைக்குக் கீழே, தோலைக் கிள்ளி, கொஞ்சமாக. ஒரு கோழியும் இதுவரை என் கையைக் குறை சொன்னதில்லை. நித்யஸ்ரீக்குப் போன் செய்து கேட்டேன். "மனுசங்களுக்கும் தோலைக் கிள்ளித்தான் போடணும்மா. ஆனா கோழிக்குப் போட்ட கைன்னு அவங்ககிட்டச் சொல்லாதீங்க" என்றாள். சொல்லிவிட்டேன். இனிமேல் உங்களிடம் பாதி சொல்லி மீதியை மறைக்கிற வேலை இல்லை.

அனிதாவையும் பக்கத்தில் நிறுத்திப் பழக்குகிறேன். அவள் கண்ணைத் திறந்து வைக்கும்வரை அங்கேயே இருப்பேன். ஒரு மாசமோ, ரெண்டு மாசமோ. பண்ணையை உங்கள் தம்பி பார்த்துக்கொள்வார். நான் இல்லாவிட்டால் கோழிகளுக்கும் கொஞ்சம் மௌன நேரம் கிடைக்கும்.

வரலாமா?

வசந்தாமணி

*

குமாரபாளையம்,
அக்டோபர் 23

அம்மிணி வசந்தாவுக்கு. வா. உனக்குக் கட்டில் போட்டாகிவிட்டது. முற்றத்தில் பதித்த கல்லை மோகன் பெயர்த்துவிட்டான்.

கிள்ளுவது, குத்துவது எல்லாம் நீ சரியாகத்தான் செய்வாய். ஆனால் அவர் வழக்கம் ஒன்று உண்டு. அதையும் தெரிந்துகொண்டு வா.

ஊசியை எடுத்ததும் ஊர்ப் பொரணி ஒன்றை ஆரம்பிப்பார். "அட, கேட்டியா சென்னி" என்பார். நான் "என்னது" என்று திரும்புவதற்குள் குத்தி முடித்திருப்பார். மீதிக் கதையைச் சொல்லமாட்டார். நான் இட்லி சாப்பிட்டால்தான் சொல்லுவார். ஊசி போட்டதும் சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் மயக்கம் வரும் என்று அதற்கு அப்படி ஒரு தந்திரம். இத்தனை வருஷத்தில் நான் ஊசியைக் கண்ணால் பார்த்ததே அவர் போன பிறகுதான்.

கடைசிக் காலையில், சாயப்பட்டறைக்காரர் வீட்டு விருந்தில் சம்பந்தி பாதிப் பந்தியில் எழுந்து போனார் என்று ஆரம்பித்தார். குத்தினார். நான் இட்லியைச் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது நாற்காலியில் சாய்ந்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன்.

அந்தச் சம்பந்தி ஏன் எழுந்து போனார் என்று எனக்கு இதுவரை தெரியாது. யாரிடமும் கேட்கவும் இல்லை. உனக்கு ஊர்ச் சேதி எல்லாம் தெரியும். இது தெரிந்தால் அதிலிருந்து தொடங்கு.

தெரியாவிட்டால் நீயாக ஒன்றைக் கட்டிச் சொல். உன் பொய்யை எனக்கு அடையாளம் தெரியும். நான் சாப்பிட்டுவிடுகிறேன்.

நங்கை